செம்பும் நியோபியமும்



மங்கள வார்த்தைத் திருநாளான இன்று வாசித்த நற்செய்திக்குச் சற்று முன்னால், அதே கபிரியேல் தூதர் குரு செக்கரியாவிடமும் போகிறார். அவரும் கேள்வி கேட்டார், மரியாவும் கேட்டார். செக்கரியா பேச்சிழந்தார், மரியாவுக்கு விளக்கம் கிடைத்தது. இது ஓரவஞ்சனை இல்லையா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு முடுக்கி, காந்த வரிசைகளுக்கு நடுவே நெளிந்து ஓடவிட்டு, அவை உமிழும் ஒளியை எக்ஸ்-கதிர் லேசராக்குகிறார்கள். மூலக்கூறுகளின் அசைவையே படம்பிடிக்கும் ஒளி அது. 2009-இல் முதலில் ஒளிர்ந்தபோது முடுக்கிக் குழல்கள் செம்பு. செம்பு நல்ல கடத்திதான். ஆனாலும் கொஞ்சம் மின்தடை உண்டு. எலக்ட்ரானுக்கென்று அனுப்பிய ஆற்றலில் பெரும்பங்கு குழலின் சுவரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அதனால் விட்டுவிட்டுத்தான் கொடுக்க முடிந்தது: நொடிக்கு 120 துடிப்புகள்.

பிறகு அதே சுரங்கத்தில் ஒரு பகுதிச் செம்பை எடுத்துவிட்டு நியோபியம் குழல்களை வைத்தார்கள். திரவ ஹீலியத்தால் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தால் நியோபியத்தில் தடை அநேகமாக இல்லை. வந்த ஆற்றலை அப்படியே எலக்ட்ரானிடம் கொடுத்துவிடும். 2023-இல் அது ஒளிர்ந்தது. நொடிக்கு 10 லட்சம் துடிப்புகள் வரை தரும்படி கட்டியிருக்கிறார்கள். (வெதுவெதுப்பைக் கண்டிக்கிற திருவெளிப்பாடுகூட இவ்வளவு குளிரைக் கேட்கவில்லை!)

செக்கரியா செம்பு. நேர்மையாளர் என்றே லூக்கா சொல்கிறார். ஆனால் தம் முதுமையைக் காட்டி உறுதி கேட்டார். வந்த வாக்கு அவருடைய சந்தேகத்திலேயே சூடாகிப்போனது. அந்த மௌன மாதங்களைத் தண்டனை என்பதைவிட, ஆறுவதற்குக் கிடைத்த நேரம் என்றே நான் பார்க்கிறேன். அருள் நிற்கவில்லை, யோவான் பிறந்தார். மரியா நடக்குமா என்று கேட்கவில்லை. எப்படி நடக்கும் என்று கேட்டார். பெற்றதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவுமில்லை, மலைநாட்டுக்கு விரைந்தார்.

நியோபியம் குழல்களைத் தூசி வடிகட்டிய அறையில், மிகத் தூய நீரைப் பீய்ச்சிக் கழுவித்தான் பொருத்துவார்கள். உள்ளே ஒரு துகள் தங்கினாலும் அந்த இடம் சூடேறி, சுற்றியுள்ள நியோபியமும் சாதாரண உலோகமாகிவிடக்கூடும். அன்னை மாசில்லாதவர். நமக்கோ துகளுக்குப் பஞ்சமில்லை: அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வரப்புத் தகராறு ஒன்று போதும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். வாருங்கள்.