கண்ணும் கோலும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று நாம் வகுப்பறைகளிற் கற்பிக்கின்றோம். ஆனால், சட்டத்தைக் கையிற் கொண்டவன் எவனை உற்று நோக்குகின்றான், எவனை நோக்காமலே விட்டுவிடுகின்றான் என்ற கேள்வியை நாம் எழுப்புவது அரிது. கிரிக்கெற் மைதானத்தில் நிகழ்ந்த வழக்கொன்று இக்கேள்வியைத் தெளிவாக நம்முன் வைக்கின்றது.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில், கண்டியிற் பிறந்த மலையகத் தமிழரான முத்தையா முரளிதரன் பந்து வீசினார். நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுள் ஏழு முறை அவரது பந்தை 'நோ போல்' என்றார். 'இது வீச்சன்று, எறிதல்' என்பதே குற்றச்சாட்டு. முரளிதரன் மறுமுனைக்குச் சென்று வீசியபோது, அங்கு நின்ற நடுவர் குற்றம் எதுவும் காணவில்லை. ஒரே நாள், ஒரே கை, ஒரே விதி; தீர்ப்போ இரண்டு.

விதி கூறுவது யாது? தோளளவுக்கு உயர்ந்த கை, பந்தை விடுமுன் முழங்கையில் நிமிரலாகாது. கை வளைந்திருத்தல் குற்றமன்று; வளைந்த கை நிமிர்தலே குற்றம். முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. அத்துடன் மணிக்கட்டின் அசாதாரணமான சுழற்சியும் சேர, பார்ப்பவர் கண் மயங்கிற்று. அந்த நடுவரை வஞ்சகர் என்று நாம் கூற வரவில்லை. தம் கண் கண்டதையே அவர் சொன்னார் எனக் கொள்வோம். கண்ணை நம்பலாமா என்பதே நம் வினா.

'முறையான வீச்சு' என்பது வானிலிருந்து இறங்கியதன்று. 1822இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஜோன் வில்ஸ் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வீசியதற்காகத் தடுக்கப்பட்டார். 1862இல் எட்கார் வில்ஷர் தோளுக்கு மேலாகக் கையை உயர்த்தியமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1864இல், அவ்வாறு வீசுதல் சட்டமாயிற்று. இன்று உலகமே வீசும் முறை அதுதான். நேற்றைய குற்றம் இன்றைய இலக்கணம்.

2004இல் முரளிதரனின் 'தூஸ்ரா' என்னும் பந்து மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அளக்கப்பட்டது. கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்ந்தது. சுழற்பந்தாளருக்கு அன்றிருந்த எல்லை 5 பாகை. ஆகவே, ஏட்டிலிருந்த விதியின்படி அப்பந்து எல்லை கடந்ததே. இதை மறைப்பது நேர்மையன்று. ஆயின், அதே ஆண்டில் மற்றவர்களையும் அதிவேகக் கமராக்களால் அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஏறக்குறைய எல்லாப் பந்தாளரின் கையும் ஓரளவு நிமிர்ந்தது. தூய வீச்சுக்கு உதாரணமாகப் போற்றப்பட்ட மக்ராத், பொலக் போன்ற வேகப்பந்தாளர்களும் தமக்கு விதித்த 10 பாகையைத் தாண்டியிருந்தனர். அவர்களை எவரும் ஐயுறவில்லை. ஏனெனில் அவர்களது வீச்சு கண்ணுக்குப் பழகியிருந்தது. முன்னர் முரளிதரனைக் குறைகூறிய மைக்கல் ஹோல்டிங், சான்றுகளைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அது அவருக்கு இழுக்கன்று, பெருமையே.

2005 மார்ச்சு முதல் எல்லோருக்கும் 15 பாகை என ஒரே எல்லை வகுக்கப்பட்டது. 'ஒருவருக்காக விதியை வளைத்தனர்' என்றார் சிலர். விதி வளைக்கப்பட்டதாயின், அது பின்னர் எவரையும் கட்டுப்படுத்தியிராது. 2014இல் இலங்கையின் சச்சித்ர சேனாநாயக்கவும் பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் அதே எல்லையைக் கடந்தமைக்காகத் தடுக்கப்பட்டனர். நம் நாட்டவர் என்பதற்காகக் கோல் சாயவில்லை. ஆகவே, முரளிதரன் வழக்கை வெறும் நாட்டுப் பெருமையாக்குவோர் அதன் பொருளைத் தவறவிடுகின்றனர்.

2004இல் அவர் தம் முழங்கை அசையாதவாறு உருக்குப் பதித்த கவசம் பூண்டு, எல்லா வகைப் பந்துகளையும் வீசிக் காட்டினார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெற்றை வீழ்த்தி டெஸ்ட் கிரிக்கெற்றிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையிலும் பார்க்க அக்கவசமே நம்மை அதிகம் உறுத்துகின்றது. தன் கையைப் பூட்டிக்காட்டித் தன் நேர்மையை நிறுவுமாறு வேறு எவர் கேட்கப்பட்டார்?

ஆசிரியராகிய நாமும் நடுவர்களே. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் சிறந்ததொரு கட்டுரை எழுதித் தந்தான். "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டோம். அவன் ஒன்றும் பேசாது, நம் மேசையருகே நின்றபடியே இன்னொரு கட்டுரை எழுதினான். அது முன்னையதிலும் நன்றாயிருந்தது. வகுப்பிலிருந்த ஏனையோர் எவரிடமும் அக்கேள்வியை நாம் கேட்கவில்லை என்பது வீடு திரும்பிய பின்னரே உறைத்தது. மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

விதிகள் வேண்டும், அவற்றை மீறுவோர் தடுக்கப்படவும் வேண்டும். ஆனால், பழக்கமற்ற ஒன்றைக் கண்டு நமக்குள் எழும் திகைப்பு, அதைச் செய்தவனுக்கு எதிரான சாட்சியாகாது. ஒருவனை அளக்குமுன், அதே கோலால் மற்றவர்களையும் அளந்தோமா, நம்மையும் அளந்தோமா என்று கேட்டுக்கொள்வோம்.