வலியை உண்டாக்கி வலியை ஆராய்தல்

நீரிழிவு முதிர்ந்த பெரியோர் சிலர் பாதத்தில் நெருப்பிட்டாற்போன்ற எரிச்சலால் வருந்துவதை நம் இல்லங்களில் காண்கிறோம். இரவில் போர்வை பட்டாலும் துடிப்பர். இது புண்ணால் வரும் வலியன்று. நரம்பே பழுதுற்றமையால் வருவது. இதற்கான மருந்துகளின் பின்னே நிற்கும் உயிர்களைக் குறித்தும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்னெட், ஷீ என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். எலியை மயக்கி, அதன் தொடையிலுள்ள பெருநரம்பைச் சுற்றிக் குடல்நூலால் நான்கு தளர்ந்த முடிச்சுகள் இடுவர். நரம்பு வீங்கி அம்முடிச்சுகளாலேயே நெரிபடும். எலி அக்காலை ஊன்ற அஞ்சித் தூக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு திங்களுக்கு மேலும் இந்நிலை நீடிக்கும். கம்பிவலைமீது அதனை நிறுத்தி, கீழிருந்து நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, எவ்வளவு அழுத்தத்தில் கால் பின்வாங்குகிறது என அளப்பர். பின்னர் இதைப் போன்ற வேறு முறைகளும் தோன்றின.

பிற சோதனைகளில் வலி உடன்விளைவு, அதனைத் தணிக்கலாம். விலங்குச் சோதனையை மாற்றுக, குறைக்க, துன்பம் தணிக்க என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் கூறிய மூன்று நெறிகளில் மூன்றாவது இங்கே தடுமாறுகிறது. வலியைத் தணித்துவிட்டால் ஆராயும் பொருளே இல்லாமற் போகும்.

ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நால்வகைப்படுத்திய நம் முன்னோர், முதலாவதை இல்லறத்தாரும் முற்றும் நீக்குக என்றனர். உழவன் புழுவின் துன்பத்தை நாடுவதில்லை. இங்கோ ஐம்பொறியுடைய உயிரின் துன்பமே நாடப்படுகிறது. வைத்தியரின் கத்தியும் வலி தருமே எனலாம். அக்கத்தி எவ்வுடலில் படுகிறதோ அவ்வுடலுக்கே நன்மை செய்கிறது, எலிக்கு ஏது?

இவற்றால் பயனேயில்லை என்பது நேர்மையன்று. விலங்குகளில் ஆராயப்பட்ட பிரிகாபலின் 2004இல் அமெரிக்காவில் நீரிழிவு நரம்பு வலிக்கு ஏற்கப்பட்டது. 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகளோ விலங்குகளில் வலியடக்கி, மனிதரிடம் தோற்றன. இத்தோல்வியைக் காட்டி வாதிடுவோர் உண்டு. நமக்கு அவ்வாதம் உதவாது. பயனில்லாமையால் தவறு என்றால், பயனிருப்பின் சரி என்றாகிவிடுமன்றோ?

மருந்துண்ணும் முதியவர் பழிக்கு உள்ளாவாரா? செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றில் முதலிரண்டும் அவருக்கில்லை. உடன்படல் மனத்தின் செயல். அறிந்த பின்னும் 'எலிதானே' என்று கடந்து செல்வதே அது. மாத்திரையை விலக்குமாறு நாம் எவருக்கும் கூறோம்.

வேறு வழியும் உண்டு. 2006இல், பிறவியிலேயே வலியுணராத பாகிஸ்தானியக் குடும்பத்தார் சிலரின் மரபணுவை ஆராய்ந்து, வலிச்செய்திக்கு இன்றியமையாத ஒரு நுண்வாயில் நரம்பணுவில் இருப்பதைக் கண்டனர். இவ்வழி இன்னும் எலியை விடுவித்துவிடவில்லை. எனினும் மருந்தியல் பயிலும் நம் இளைஞர்கள், ஆய்வுப் பொருளைத் தேர்ந்துகொள்ளுமுன் இதனைக் குறித்துத் தம் ஆசிரியரிடம் கேட்டறிவாராக.