நடுவர் நிற்கும் இடம்

கண்டதைக் கண்டவாறே கூறும் ஒருவர் பொய்யான தீர்ப்பு வழங்கக் கூடுமோ? கூடும் என்பதற்குக் கபடிக் களமே போதிய சான்று.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி ஊர்களில் பொங்கலையொட்டி நிகழும் கபடிப் போட்டிகளில், கூடியிருப்போர் கண்கள் பாடிச் செல்பவர் மீதே பதிந்திருக்கும். கள ஓரத்தில் நிற்கும் நடுவரை எவரும் நோக்கார். தீர்ப்பு தம் அணிக்கு எதிராக அமைந்தால் மட்டும் அனைவரும் நோக்குவர்! ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அவ்வகலத்தின் இரு ஓரங்களிலும் 1 மீட்டர் அளவில் லாபி எனும் பகுதி உண்டு. பாடுபவர் எதிரணியினரைத் தொட்ட பின்னரே அது ஆடுகளமாகும். அதற்குமுன் அங்குக் கால் வைத்தவர் ஆட்டமிழப்பார். ஆகவே ஒரு விரற்கடையும் ஒரு கணமும் முடிவை மாற்றிவிடும். கோட்டின் நேரே நிற்பவருக்குக் காலுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெளி தெரியும். இரண்டடி விலகி, சாய்வாக நோக்குபவருக்கு அவ்வெளி மறைந்து, கால் கோட்டின்மேல் இருப்பதாகவே தோன்றும். அவர் பொய் கூறவில்லை. அவர் கண்ணுக்கு அவ்வாறே தெரிந்தது.

கால்பந்திலும் இச்சிக்கல் உண்டு. ஆஃப்சைடு தீர்ப்புகளில் நேரும் பிழைகள் பல, கோட்டு நடுவர் நிற்கும் கோணத்தால் விளைகின்றன என நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினர்.

அவ்வாறாயின் அந்நடுவர் குற்றமற்றவரா? உள்ளத்தில் வஞ்சமில்லை என்பதால் ஆம் என்பர் பலர். நாம் உடன்படோம். கண்டதை மறைக்காமை ஒரு கடமை. காணத்தக்க இடத்திற்குச் சென்று நிற்றல் அதற்கு முந்திய கடமை. வாய்மை நோன்பில் அவதானமின்மையும் குற்றமாக எண்ணப்படுவதை நம் வாசகர் அறிவர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், கரும்பலகையில் எழுதியதும் கடைசி வரிசைக்குச் சென்று அதனைப் படித்துப் பார்க்குமாறு நமக்குப் பணித்தனர். எழுதியவருக்குத் தம் எழுத்து எப்போதும் தெளிவாகவே தெரியும் அன்றோ!

சரியான இடத்தில் நின்றாலும் விதி ஒன்றாக இருத்தல் வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில், 28-28 என்ற நிலையில், இந்தியாவின் பவன் செராவத் எவரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தார்; ஈரான் வீரர்களும் பின்தொடர்ந்தனர். கால் பட்டதில் ஐயமில்லை. எவ்விதியைக் கொள்வது என்பதே வழக்காயிற்று. ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் இந்தியா 33-29 என வென்றது.

நம் ஊர்ப் போட்டிகளிலோ காணொளி மறுபார்வைக்கு வழியில்லை. ஆட்டம் சூடுபிடிக்கையில் கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு கோடு வரை நெருங்கிவிடுகிறது. விழாக்குழுவினரின் நாற்காலிகளும் அவ்விடத்திலேயே இடப்படுகின்றன. நடுவர் ஓரடி நகர்ந்து நிற்க எண்ணினும் இடமில்லை. பின்னர் அவருக்குக் கண் தெரியவில்லை என்று முதலிற் கூவுபவரும் அந்த நாற்காலியில் அமர்ந்தவரே.