வேட்டைக்காட்டின் விலை

ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி மாவட்டத்தைச் சேர்ந்த லிங்கியு ஆற்றின் தலைப்பகுதி அடர்ந்த காடாக இருந்தது. அங்கே ஜக்குன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்தும், மீன் பிடித்தும், பிரம்பும் பழமும் திரட்டியும் வாழ்ந்து வந்தனர். அரசாங்கப் பதிவேட்டிலோ அது மாநில அரசுக்குச் சொந்தமான நிலம். அங்கே எந்த ஜக்குன் பெயரிலும் பட்டா இல்லை.

1990-இல் ஜொகூரும் சிங்கப்பூரும் நீர் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. லிங்கியுவில் அணை கட்டுவதென முடிவாயிற்று. அணைக்கும் அதன் நீர்ப்பிடிப்புக்குமாக 53,273 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. நிலத்தையும் அதன் வருவாயையும் நிரந்தரமாக இழப்பதற்கு ஈடாக ஜொகூர் அரசு 320 மில்லியன் ரிங்கிட் பெற்றது. அக்காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கென வழங்கப்பட்டது, பழமரங்களுக்கும் பயிர்களுக்குமான ஏறத்தாழ 38,000 ரிங்கிட்.

இவ்விரு தொகைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பேராசையால் மட்டும் விளக்கிவிட இயலாது. சட்டமே அவ்வாறுதான் எண்ணியிருந்தது. 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டம், அரசு நிலத்தில் அவர்களுக்கு உரிய பழமரமோ ரப்பர் மரமோ பறிபோனால் ஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. நிலமே பறிபோனால் ஈடு 'கொடுக்கலாம்' என்கிறது. மரத்துக்குக் கடமை, காட்டுக்குக் கருணை! நட்டவன் ஒரு சான்றை விட்டுச் செல்கிறான். வேட்டையாடுபவன் விட்டுச் செல்வது காட்டை மட்டுமே. காட்டைக் காடாகவே விட்டுவைத்தவனுக்கு, அந்த அடக்கமே எதிர்ச்சாட்சியாகி விடுகிறது.

இந்த எண்ணத்தின் வேர் ஆழமானது. 1689-இல் வெளிவந்த தம் அரசியல் நூலில் ஜான் லாக் என்னும் ஆங்கில அறிஞர், உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் உரியது என்று வாதிட்டார். அமெரிக்கப் பூர்வகுடி வேட்டுவன் கொன்ற மான் அவனுக்கே உரியது என்பதை அவர் தயங்காது ஒப்பினார். நிலத்தை மட்டும் உழுபவன் பக்கம் வைத்தார். மானைத் தந்துவிட்டு, மான் மேயும் காட்டை மறுத்தால் வேட்டுவனுக்கு எஞ்சுவது எது? ஒரு வேளை உணவு, மறுநாளைக்கு ஒன்றுமில்லை.

வேட்டையாடுதலையும் கிழங்கு அகழ்தலையும் குறிஞ்சி நில மக்களின் தொழில் என்றே வகுத்துரைத்தது தமிழ் இலக்கண மரபு. வகுப்பறையில் அதனை மனப்பாடம் செய்யும் மாணவன், அத்தொழிலால் இன்றும் வாழ்வோர் பக்கத்து மலையிலேயே இருப்பதை அறியாமலே தேர்வெழுதிச் சென்றுவிடுகிறான் என்பது வேறு கதை.

எதிர்வாதங்களும் எளியன அல்ல. இலட்சக்கணக்கான மக்களின் தாகத்துக்கு நீர் வேண்டாமா? வேண்டும். ஆயினும் அத்தேவை நிலத்தை எடுப்பதற்குக் காரணமாகுமேயன்றி, குறைந்த விலைக்கு எடுப்பதற்குக் காரணமாகாது. அவசரகாலம் முதற்கொண்டு அம்மக்கள் காட்டின் விளிம்பில் அமைந்த குடியிருப்புகளுக்கு வந்துவிட்டனரே என்றும் கேட்கலாம். மீனவன் கடலில் குடியிருப்பதில்லை. அதனால் கடலோடு அவனுக்கு உறவில்லை என்று எவரேனும் கூறுவரோ?

ஜக்குன் மக்கள் 52 பேர் மாநில அரசின்மேல் வழக்குத் தொடுத்தனர். 1997-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற அத்தீர்ப்பில், நீதிபதி மொக்தார் சிடின் இழப்புகளை ஐந்தாக எண்ணினார். மரபுவழி நிலம், தங்கவும் திரியவும் இருந்த சுதந்திரம், காட்டின் விளைபொருள், தமக்கும் குடும்பத்துக்குமான வருங்கால வாழ்வு, பின்வரும் சந்ததியின் வாழ்வு என்பன அவை. 26.5 மில்லியன் ரிங்கிட் ஈடு வழங்க ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பிறவாத பேரனின் பங்கையும் கணக்கில் சேர்த்த அந்த ஐந்தாம் இனம் எண்ணத்தக்கது. எனினும் பட்டாவுக்கு நிகரான நிலவுடைமையைத் தீர்ப்பு ஏற்கவில்லை. நிலத்தில் நடமாடவும் அதன் விளைவால் வாழவும் உள்ள உரிமையையே ஏற்றது.

அணை வராத காடுகளிலும் இக்கேள்வி ஓயவில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தம் உணவுக்காகவும் குடும்பத்தின் உணவுக்காகவும் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட இடமளிக்கிறது. விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. விலங்கினம் அழியாதிருக்க இத்தடை வேண்டுமென்பதை மறுக்க இயலாது. ஆனால் உப்புக்கும் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காசு தேடி இறைச்சியை விற்கும் தந்தை, அக்கணமே குற்றவாளியாகிறான். பசித்திருக்கும் வரை அவனுக்கு உரிமை உண்டு; பசியைத் தாண்டி ஓரடி எடுத்துவைத்தால் இல்லை. அவனுடைய கண்ணிக்கு வரம்பு கட்டிய கை, காட்டை மொட்டையடிக்கும் வெட்டுமர லாரிக்கும் அதே கண்டிப்புடன் வரம்பு கட்டுகிறதா என்பதைக் கொண்டே அத்தடையின் நேர்மையை அளக்க வேண்டும்.

வறட்சியில் லிங்கியு நீர் திறந்துவிடப்படுகிறது. ஜொகூர் ஆற்றில் கடலின் உப்பு மேலேறாமல் அது தடுக்கிறது. கீழே இறைக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படும் ஆற்றுநீர் சிங்கப்பூரின் குழாய்களை அடைகிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று மாணவன் கேட்டால், ஆசிரியர் அணையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன் அங்கே கண்ணி வைத்தவர்களையும் சொல்லலாம்.