திருத்தத்திற்கு இடம்

குறையே இல்லாத செயல் என்று ஒன்று உலகில் உண்டா? ஸ்ரீமத் பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் இதற்கு விடையளிக்கிறார். செயல் எதுவாயினும் அதனோடு ஏதேனும் ஒரு குறை சேர்ந்தே வருகிறது. அதன் பொருட்டு ஒருவன் தனக்குரிய கடமையைக் கைவிடலாகாது என்பதே அந்த உபதேசத்தின் சாரம்.

இந்த உபதேசம் பலருக்கு ஆறுதல் அளிக்கிறது. ஆயினும் அதிலிருந்து வேறொரு கேள்வி எழுகிறது. குறை தவிர்க்க முடியாதது என்றால், நேர்ந்துவிட்ட பிழையை என்ன செய்வது? பொறுத்துக்கொண்டு போவதா? பிறர் காணாமல் மறைப்பதா? வாழ்நாள் முழுவதும் அதை எண்ணி வருந்துவதா? கைத்தொழில் செய்வோர் இக்கேள்வியை நாள்தோறும் சந்திக்கிறார்கள். அவர்களுள் கிட்டார் செய்பவரின் பட்டறை இதை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற இடம்.

மரம் கற்பிக்கும் பாடம்

கிட்டார் மேலைநாட்டுக் கருவி. ஆனாலும் பாரத நாட்டிற்கு அது அந்நியமாக இல்லை. ஜெய்ப்பூரின் பண்டிட் விஸ்வமோகன் பட் அதனை மாற்றியமைத்து உருவாக்கிய மோகன வீணையில் ராகங்களை இசைத்து, 1994-இல் கிராமி விருது பெற்றார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரத்தை உலகெங்கும் உள்ள கிட்டார் கலைஞர்கள் கருவியின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

அதன் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரத்தைத் தேர்ந்தெடுத்து, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்திற்கு இழைக்கிறார்கள். எஃகுத் தந்திகள் ஆறையும் சுருதி கூட்டியதும் அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு உயர்கிறது. அவ்வளவு மெல்லிய பலகை அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அதே சமயம் தந்தியின் சிறு அசைவுக்கும் அதிர வேண்டும். பலகையின் உட்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய சட்டங்களே இதைச் சாத்தியமாக்குகின்றன. கருவியின் பெட்டியை மூடிய பிறகு அச்சட்டங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இத்தொழிலைக் கற்கும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். பல வாரங்கள் உழைத்து மேற்பலகையை இழைத்துவிட்டான், சட்டங்களையும் ஒட்டிவிட்டான். மறுநாள் பெட்டியை மூட வேண்டும். அன்று மாலை விளக்கின் ஒளியில் பார்க்கும்போது, ஒரு சட்டத்தின் நடுவே பலகைக்கும் அதற்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி தெரிகிறது. சட்டத்தின் அடிப்பாகத்தைச் சரியாக இழைக்கவில்லை என்பது அவனுக்குப் புரிகிறது.

அவன் முன் மூன்று வழிகள் உள்ளன. மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அடைத்துப் பெட்டியை மூடிவிடலாம், யாரும் அறியப்போவதில்லை. 'நான் இதற்குத் தகுதியற்றவன்' என்று மனம் வெதும்பிப் பலகையையே உடைத்து எறிந்துவிடலாம். இல்லையெனில், ஒட்டியதைப் பொறுமையாகப் பிரித்து, சட்டத்தை மீண்டும் இழைத்துப் பொருத்தலாம்.

முதல் இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவையாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிழையை மறைப்பவன் தன் பெயரைக் காக்க விரும்புகிறான். பலகையை உடைப்பவனும், 'பிழை செய்தவன்' என்ற தன் தோற்றத்தைக் காணச் சகியாமல்தான் உடைக்கிறான். இருவர் சிந்தனையிலும் 'நான்' மட்டுமே இருக்கிறது, கருவி இல்லை. மூன்றாம் வழியைத் தேர்பவனே கருவியை நினைக்கிறான். கர்மயோகம் என்று சான்றோர் கூறுவது இத்தகைய மனநிலையைத்தான்.

மறைப்பதும் திருத்துவதும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். தேர்ந்த கைவினைஞரும் பிழைகளைக் கண்ணுக்குத் தெரியாதவாறு செய்கிறார் அல்லவா? மேற்பலகையில் ஏதேனும் விழுந்து பள்ளமானால், ஈரத்துணியை இட்டு அதன் மேல் சூடான இரும்பை வைக்கிறார். நீராவியால் நசுங்கிய மர நார்கள் மீண்டும் எழுகின்றன, பள்ளம் மறைகிறது. கருங்காலி விரல்பலகையில் சிறு பிளவு இருந்தால் கருங்காலித் தூளைக் கொண்டே நிரப்புகிறார். இவையும் மறைத்தல் ஆகாதா?

ஆகாது. பள்ளத்தை நீக்கியவர் மரத்தை அதன் பழைய நிலைக்கு மீட்டிருக்கிறார். கருவியை நம்பி வாங்குபவர் இதனால் எதையும் இழக்கவில்லை. சட்டத்தின் அடியில் தூளை அடைப்பவனோ, தாங்க வேண்டிய இடத்தில் தாங்காத ஒன்றை வைத்துவிட்டு, தாங்குவது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறான். தந்திகளின் இழுவிசை அத்தோற்றத்தைக் கண்டு ஏமாறாது. ஓராண்டிலோ ஐந்தாண்டிலோ சட்டம் விடுபடும், பலகை புடைக்கும். அதன் விளைவை அனுபவிப்பவர், அப்பிழையில் எந்தப் பங்கும் இல்லாத வேறொருவர்.

ஆகவே, பார்வைக்குத் தெரிகிறதா, இல்லையா என்பது இங்கே உரைகல் ஆகாது. பிறர் எதை நம்பித் தம் பாரத்தை வைக்கப் போகிறார்களோ, அது உண்மையில் தாங்குமா என்பதே உரைகல். வாழ்க்கையிலும் இவ்வாறே. தன் கடந்த காலக் குறைகள் அனைத்தையும் ஊரறியச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் பிறர் நம்பிச் சாயும் இடத்தில் உள்ள வெற்றிடத்தை நிரம்பியதாகக் காட்டுவது அசத்தியம்.

எங்கிருந்து அளப்பது?

விரல்பலகையில் மெட்டுகளைப் பதிப்பது இத்தொழிலில் மிகுந்த கவனம் தேவைப்படும் வேலை. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் எனில், முதல் மெட்டு தொடக்கத்திலிருந்து சுமார் 36.5 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 325 மில்லிமீட்டரிலும் அமைய வேண்டும். புதியவர் ஒரு மெட்டை வைத்து, அதிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அதற்கடுத்ததை அளப்பார். ஒவ்வோர் அளவிலும் நேரும் சிறு பிசகு அடுத்ததோடு சேர்ந்து வளர்ந்து, பன்னிரண்டாம் மெட்டுக்கு வரும்போது சுருதி பிறழ்ந்திருக்கும். அனுபவம் மிக்கவர் எல்லா மெட்டுகளையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே அளக்கிறார். அப்போது ஒரு மெட்டில் நேர்ந்த பிசகு அந்த மெட்டோடு நின்றுவிடுகிறது.

மனிதன் வழுவுவதும் பெரும்பாலும் இப்படித்தான். நேற்றைய சிறு சலுகை இன்றைய அளவுகோலாகிறது. இன்றைய சலுகை நாளைய அளவுகோலாகிறது. எந்த ஒரு நாளிலும் பெருந்தவறு செய்ததாகத் தோன்றுவதில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாழ்வின் சுருதி முற்றும் மாறியிருக்கிறது. நாள்தோறும் ஜபம், தியானம், சத்சங்கம் ஆகியவற்றைச் சான்றோர் விதித்ததன் பயன்களுள் ஒன்று இது: ஒவ்வொரு நாளையும் முந்தைய நாளிலிருந்து அளக்காமல், லட்சியத்திலிருந்தே அளக்கக் கற்பது.

திருத்தம் உண்டு என்பது சலுகையா?

'பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்னால் மனிதர் அலட்சியமாகிவிட மாட்டார்களா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மரவேலையில் தொன்றுதொட்டுப் பயன்படும் வஜ்ஜிரம், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவது. அது உறுதியாகப் பிடிக்கும். ஆயினும் வெப்பமும் ஈரமும் பட்டால் நெகிழும். இக்காலத்து எபாக்ஸி போன்ற பசைகள் ஒட்டியதை எளிதில் பிரியவிடாதவை. இருந்தும் கைவினைஞர் பலர் இன்றும் வஜ்ஜிரத்தையே நாடுகிறார்கள். தாம் பிழை செய்யக்கூடும், தமக்குப் பின் வருபவர் இக்கருவியைப் பழுதுபார்க்க நேரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல முடியாது, இது பணிவு.

மேலும், திருத்தியவர் அலட்சியமாவது அரிது. ஒட்டிய சட்டத்தைச் சூடேற்றி, மேற்பலகை கிழியாமல் மெல்ல மெல்லப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் இழைப்பதற்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம். அந்த ஒரு நாள் கைக்குக் கற்பிப்பதை நூறு அறிவுரைகளாலும் கற்பிக்க இயலாது. தண்டனையைக் கண்டு அஞ்சுபவன் அடுத்த முறை மறைக்கக் கற்கிறான். தன் கையாலேயே திருத்தியவன் அடுத்த முறை கவனிக்கக் கற்கிறான்.

திருத்த முடியாதவை

எல்லாப் பிழைகளும் திருத்தத்திற்கு உட்பட்டவை அல்ல என்பதையும் மறைக்கலாகாது. நசுங்கிய நாரை நீராவி எழுப்பும். அறுபட்ட நாரை எழுப்பாது. அளவுக்கு மீறி இழைத்துவிட்ட பலகையில் மரத்தை மீண்டும் சேர்க்க முடியாது. அப்போது அந்தப் பலகை அந்தக் கருவிக்கு உதவாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. அதை விற்காமல் பட்டறையில் தொங்கவிட்டு, அடுத்த பலகையை இழைக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மரம் புண்படுவதில்லை, மனிதர் புண்படுகிறார்கள். மரத்தில் செய்த பிழையைத் திருத்துவதற்குச் செய்தவரின் விருப்பமும் திறமையும் போதும். மனிதருக்கு இழைத்த தீங்கில் திருத்தம் எப்போது நிறைவுற்றது என்று கூறும் உரிமை, தீங்கு செய்தவருக்கு இல்லை. அவர் வருந்தலாம், பறித்ததைத் திருப்பித் தரலாம், மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தம் பங்கைச் செய்துகொண்டே இருப்பதுதான் அவருக்கு உரியது. 'நான்தான் வருந்திவிட்டேனே' என்று கணக்கை முடித்துவிடுவது, தூளை அடைத்துப் பெட்டியை மூடுவதற்கு ஒப்பானது.

அளவான முறுக்கு

பகவான் புத்தரின் சீடராகிய சோணர், கால்களில் இரத்தம் கசியுமளவு நடந்து நடந்து தவம் புரிந்தார். பலன் காணாமல் மனம் சோர்ந்து, துறவையே விட்டுவிட எண்ணினார். அவர் முன்னர் வீணை வாசித்தவர் என்பதை அறிந்த புத்தர், அளவுக்கு மீறி முறுக்கிய நரம்பும் தளர்ந்த நரம்பும் நல்ல இசை தருமா என்று வினவி, அவருக்கு நடுவழியை உணர்த்தினார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன.

பிழையைக் குறித்த மனநிலைக்கும் இது பொருந்தும். 'எல்லோரும் செய்வதுதானே' என்பது தளர்ந்த நரம்பு. 'நான் பாவி, எனக்கு விமோசனமில்லை' என்பது மீறி முறுக்கிய நரம்பு. இரண்டிலும் இசை பிறக்காது.

அந்த இளைஞன் இரவெல்லாம் விழித்துச் சட்டத்தைத் திருத்திப் பெட்டியை மூடினான் என்று கொள்வோம். கருவியை வாசிப்பவர்க்கு அந்த இரவு தெரியப்போவதில்லை. ஆனால் அந்தச் சட்டம் தன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒருவரும் காணாத இடத்தில், வாழ்வின் பெட்டி மூடப்படும் முன், இன்றைய பிழையை இன்றே பிரித்துப் பொருத்துபவன் பேறு பெற்றவன். அவனது வாழ்வை நம்பிப் பிறர் தம் பாரத்தை வைக்கலாம், அது தாங்கும்.