21 நாள்

1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2025 வரை நடப்பில் இருந்த பிரிவு 9ஏ: ஆட்குறைப்பு வரக்கூடிய புதிய தொழில்நுட்பத்தைப் புகுத்துமுன் தொழிலாளிக்கு 21 நாள் நோட்டீஸ். செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்துமா? ஆய்வு உதவியாளனாக நான் தேடுவது இதைத்தான்.

தீர்ப்புகளைச் சுருக்க மூன்று பேர் இருந்தோம். இப்போது இயந்திரம் சுருக்குகிறது, நான் சரிபார்க்கிறேன். மற்ற ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் இல்லை. உதவித்தொகை வாங்குகிறவர் 'தொழிலாளி' இல்லையாம். இயந்திரத்தைச் சோதித்தவன் நான். ஒரு மாசம் முன்னாடியே தெரியும். சொல்லல.

கொக்கிரகுளம் ஆற்றங்கரை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக வந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பின் 17 பேர் இங்கே இறந்தார்கள். தேயிலை பறிக்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் வந்திருந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை வரச் சொல்லவில்லை.

முதலாளிக்குத்தான் 21 நாள். கூட்டாளி சொல்லணும்னு சட்டம் இல்ல. அதனாலதான் அது முழுசா என் பொறுப்பு. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் போன் போடணும்.