தரையில் வைக்காத வாத்தியம்

கூடலூரிலிருந்து நிலம்பூருக்குப் போகும் சாலையில், மலைப்பாதை கேரளத்தை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நாடுகாணி. மழைக்காக அங்கே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருந்தேன். தோளில் இடக்கா தொங்க ஒரு பெரியவர் உள்ளே வந்தார். நான் சற்று நகர்ந்து, "வாத்தியத்தைப் பெஞ்சியில் வையுங்களேன்" என்றேன்.

"கூடாது சார். இதைக் கீழே வைக்கிற வழக்கமில்லை. ஓர் ஆணி இருந்தால் போதும்."

கடைக்காரர் ஆணியில் மாட்டியிருந்த தம் சட்டையை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார்.

இடக்காவை நம் உடுக்கைக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஒரு கை மெல்லிய குச்சியால் தட்ட, மறு கை கயிறுகளை அழுத்தித் தளர்த்த, நாதம் ஏறி இறங்கும். ராகத்தையே அதில் எழுப்பிவிடுவார்கள். கேரளக் கோயில்களில் கருவறைப் படியருகே நின்று, இதை வாசித்தபடியே பாடுவார்கள். அதில் தொங்கும் 64 குஞ்சங்கள் 64 கலைகளாம்.

இந்த மரியாதையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தொழில் செய்கிறவன் கருவியை வணங்குவது நல்ல பண்புதான். ஆனால் ஆணியில் தொங்கிய அந்தத் தோலைப் பார்த்ததும் இளமைக்கால நினைவு ஒன்று வந்து உறுத்தியது.

எங்கள் தெருவில் மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தோல் கொண்டு வருகிறவர் திண்ணைக்குக் கீழேயே நிற்பார். தோல் கூடத்துக்குப் போகும்; அவர் போகமாட்டார். நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் வெட்கமாக இல்லை.

இடக்கா ஒலிக்கும் குருவாயூரிலும் கதை வேறல்ல. 1931இல் சத்தியாக்கிரகம் நடந்தும், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கதவு திறந்தது 1947இல்தான். அதுவரை மாட்டுத் தோல் சந்நிதி வரை போயிற்று. அதை உரித்துப் பதப்படுத்திய மனிதன் மதிலுக்கு வெளியே நின்றான்.

'நாதம் தோலைப் புனிதமாக்கிவிடுகிறது' என்பார்கள். இருக்கட்டும். செத்த தோலைப் புனிதமாக்கும் நாதத்துக்கு, அந்த நாதம் பிறக்க உழைத்த உயிருள்ள மனிதனை மட்டும் புனிதமாக்கச் சக்தியில்லையா? குறை நாதத்தில் இல்லை, நம்மிடம்தான். கருவி வரை வந்த நம் மரியாதை, அதைச் செய்த கையை எட்டும் முன்பே நின்றுவிட்டது.

மழை விட்டது. பெரியவர் இடக்காவைக் கண்ணில் ஒற்றித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். கடைக்காரர் சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். ஒரு தோலுக்காகத் தம் சட்டையை எடுத்து இடம் விட்டவர் அவர். நம் வீட்டுக் கூடத்தில் ஒரு மனிதனுக்கு இடம் விட நமக்கு எத்தனை காலம் ஆயிற்று! இன்னும் விடாத வீடுகளும் இருக்கின்றனவே!